துறையில் நின்றுபோகும் கதை

சுவிஸில் ஆராவ் நகரத்துத் தமிழரிடம் போய் அரசரத்தினம் என்பவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பார்கள். பெட்டிக்கதை அண்ணை எங்கே என்று கேட்டால் கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். வயது ஐம்பத்தொன்பது. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் பதினாறு வருடமாக வேலை. அங்கே அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். துணியை மடிப்பார், கழுத்துப் பட்டியில் தைத்திருக்கும் பெயரைப் பார்த்து அடுக்குவார், நாலு மணிக்கு வீட்டுக்குக் கிளம்புவார். கூட வேலை செய்யும் சுவிஸ்காரிகள் அவரை ஒரு சாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் ஒரு சாமத்திய வீட்டுக்கு, அதுதான் பெண்பிள்ளை பெரியவளான கொண்டாட்டத்துக்கு, வந்து பார்த்திருக்கவேண்டும். மண்டபத்தில் சாப்பாடு முடிந்து நாலு தமிழர் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டால் போதும், யாராவது ஒருவர் "அண்ணை, அந்தப் பெட்டிக் கதையை ஒருக்கா எடுத்து விடுங்கோவன்" என்று தோளில் தட்டுவார். அண்ணை கொஞ்சம் பிகு பண்ணுவார். தொண்டை சரியில்லை என்பார். பிறகு எழும்பி நின்று கைகளை வீசி, குரலை ஏற்றி இறக்கி, அரைமணி நேரம் மண்டபத்தையே குலுக்கி எடுப்பார். இருபத்தேழு வருடமாக இதே கதை. கேட்டவர்களே திரும்பக் கேட்டு, சிரித்த இடத்திலேயே திரும்பச் சிரித்தார்கள்.

கதை தொண்ணூற்றாறாம் ஆண்டில் நடந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மறுகரையில் நெடுவட்டை என்ற ஊர். நகரப் பக்கம் ஆமியிடம் இருந்தது. அங்கிருந்து ஊர்க் கரைக்கு வருவதென்றால் 'பாதை' என்று ஊரார் சொல்லும் மிதவையில்தான் வரவேண்டும். மிதவை ஏறும் துறையில் ஆமியின் காவலரண். எது கொண்டுபோகலாம், எது கொண்டுபோகக்கூடாது என்று அங்கே ஒரு பட்டியல் தொங்கியது. மண்ணெண்ணெய் கூடாது, ஒரு வீட்டுக்கு இரண்டு சவுக்காரத்துக்கு மேல் கூடாது, டோர்ச் லைற்றுக்குப் போடும் பற்றரி கூடவே கூடாது. பற்றரி இல்லையென்றால் வயலில் இராக்காவல் இல்லை. காவல் இல்லையென்றால் கதிர் விளைந்த நேரம் பார்த்துக் காட்டு யானைகள் இறங்கும். யானைகளுக்கு எந்தத் துறையிலும் சோதனை கிடையாது.

அரசரத்தினம்தான் அந்த யோசனையைச் சொன்னவர். ஆமி எதைக் கிண்டினாலும் பிணத்தைக் கிண்டமாட்டான். நகரத்து ஆஸ்பத்திரியில் செத்த ஆளை ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்று ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவோம், அடியில் பற்றரியை அடுக்குவோம். செத்த ஆள் யார்? அவருடைய மச்சான் முறையான லக்ஷ்மணன். "நீதான்டாப்பா நோஞ்சான், உன்னத் தூக்கிறது லேசு" என்று சொல்லி அவனைப் பெட்டிக்குள் கிடத்தினார்கள். அவனுடைய மனைவி ராஜேஸ்வரி தலையை விரித்துக்கொண்டு கூட வந்தாள்.

சபையில் முதற் சிரிப்பு இங்கேதான் எழும். ராஜேஸ்வரிக்கு ஒப்பாரி தெரியாது. காவலரண் கிட்ட வந்ததும் என்ன சொல்லி அழுவதென்று தெரியாமல், கல்யாணம் கட்டிய நாளிலிருந்து புருஷன்மேல் இருந்த அத்தனை குறையையும் இராகம் போட்டு இழுக்கத் தொடங்கிவிட்டாள். "கூரை வேய்ஞ்சு தாறன் எண்டியே என்ர ராசா, மழைக்கு ஒழுகுதே என்ர ராசா, பெருநாளுக்குச் சீலை எண்டியே, உன்ர தங்கச்சிக்கெல்லோ குடுத்தாய் என்ர ராசா." பெட்டிக்குள் கிடந்தவனுக்குப் பதில் சொல்ல வழியில்லை.

இரண்டாவது சிரிப்பு இன்னும் பெரிது. சிப்பாய் ஒரு கொப்பியை எடுத்து, செத்தவன் பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டு, எப்படிச் செத்தான் என்று கேட்டான். அதை மட்டும் யாரும் பேசி வைத்திருக்கவில்லை. பெட்டி தூக்கிய நாலு பேரில் ஒருவன் காய்ச்சல் என்றான், ஒருவன் பாம்பு கடித்தது என்றான், மற்றவன் மரத்தால் விழுந்தது என்றான். சிப்பாய் பேனையை நிறுத்தினான். அரசரத்தினம் முன்னுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஓம் ஐயா, மூண்டும்தான். காய்ச்சலோட மரத்தில ஏறினவர், தலை சுத்தி விழுந்திட்டார், விழுந்த இடத்தில பாம்பு." சிப்பாய் கொப்பியில் மூன்றையும் எழுதினான்.

மூன்றாவதுதான் உச்சம். நெல் மூட்டைகளைக் குத்திப் பார்க்க வைத்திருந்த கூரான இரும்புக் கம்பியைச் சிப்பாய் எடுத்தான். மூடியைத் திறக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தான், பிறகு பெட்டிக்குள் இரண்டு குத்துக் குத்தினான். "மச்சான் இருமினானோ? இல்லை. தும்மினானோ? இல்லை. கண் இமை ஆடிச்சுதோ? இல்லை. பிணமெண்டால் அதுதான் பிணம்" என்று அரசரத்தினம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போது மண்டபம் கைதட்டலில் அதிரும். சிப்பாய் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தான், மிதவை புறப்பட்டது, மறுகரைத் துறையில் இறங்கினார்கள், நூற்றிருபது பற்றரி, அந்த வருடம் யானை ஒரு கதிரைத் தொடவில்லை. கதை முடிந்தது.

முடியவில்லை. துறையில் இறங்கியபிறகு நடந்ததை அரசரத்தினம் எந்த மண்டபத்திலும் சொன்னதில்லை.

பெட்டியை இறக்கி வைத்துப் பார்த்தபோது லக்ஷ்மணனுக்குக் கீழே விரித்திருந்த பஞ்சு மெத்தை சிவந்து ஊறியிருந்தது. கம்பி விலாவுக்குக் கீழே இரண்டு இடத்தில் ஆழமாய் இறங்கியிருந்தது. உயிர் இருந்தது, கண் திறந்திருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். ஆஸ்பத்திரி இருப்பது நகரத்தில். நகரத்துக்குப் போக அதே துறை, அதே சிப்பாய், அதே கொப்பி. அந்தக் கொப்பியில் லக்ஷ்மணன் செத்தவன். செத்தவனை எப்படி உயிரோடு திரும்பக் கொண்டுபோவது? வேறு பெயர் சொல்லலாம் என்றார் ஒருவர். முகத்தைப் பார்த்துவிட்டானே என்றார் இன்னொருவர். வேறு துறைக்குப் போகலாம் என்றால் இருபது மைல் காட்டுவழி, மாட்டுவண்டி. பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அரசரத்தினம் கையைப் பிசைந்துகொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். விடியற்காலையில் பேச்சுக்கு அவசியம் இல்லாமற் போயிற்று. பற்றரிகளை எடுத்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பாவித்தார்கள். யானை ஒரு கதிரைத் தொடவில்லை என்பது உண்மைதான்.

இதிலும் அடியில் ஒன்று இருந்தது. அது ஊரில் மற்றவர்களுக்குத் தெரியாது என்றே அரசரத்தினம் நினைத்திருந்தார். எங்கள் வழக்கத்தில் பிணத்தின் வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடைக்குக் கீழே துணிகொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடுவார்கள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். வேஷம் பிழைக்கக்கூடாது என்று அரசரத்தினம் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். "கொஞ்சம் இளக்கடா மச்சான், பல்லு நோகுது" என்று லக்ஷ்மணன் சொன்னான். "பிணத்துக்குப் பல்லு நோகாது" என்று பகிடி விட்டுக்கொண்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்து முடிந்தார். மச்சான் கத்தாமற் கிடந்தது துணிச்சலாலா, கத்த முடியாததாலா? மண்டபத்தில் கைதட்டல் வாங்குகிற அந்த இடத்தைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அரசரத்தினத்துக்கு இந்தக் கேள்வி வரும். பதில் சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான்.

முழுவதையும் அவர் வெளியாரிடம் ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொன்னார். தொண்ணூற்றேழில் சுவிஸுக்கு வந்து தஞ்சம் கேட்டபோது, அதிகாரி முன்னால் இருந்து, மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, ஒன்றும் மறைக்காமல் அழுதழுது சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு திகதிகளைச் சுட்டிக்காட்டினார். பன்னிரண்டாம் திகதி செத்தவராகத் துறையைக் கடந்த ஆள், பதின்மூன்றாம் திகதி எப்படி இறந்தார்? அரசரத்தினம் விளங்கப்படுத்தினார். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அது இன்னும் நம்பமுடியாததாகப் போயிற்று. பழைய பகிடிப் படம் ஒன்றில் வருவதுபோல இருக்கிறது என்று அதிகாரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தார். நம்பத்தகுந்ததல்ல என்று கடிதம் வந்தது. திருப்பி அனுப்பமுடியாத காலமாக இருந்ததால் தற்காலிக அனுமதியில் இருக்கவிட்டார்கள்.

அந்த அனுமதியோடு டாவோஸுக்குப் போய் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். அங்கே எட்டுத் தமிழர், ஒரே அறை, வெளியே முழங்கால்வரை பனி. ஒருநாள் வேலை முடிந்து எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தபோது, மனப்பாரம் தாங்காமல் லக்ஷ்மணன் கதையைத் தொடங்கினார். ராஜேஸ்வரியின் ஒப்பாரிக்கு வந்ததும் ஒருவன் சிரித்தான். காய்ச்சல், மரம், பாம்பு என்றதும் எட்டுப் பேரும் கட்டிலில் விழுந்து உருண்டார்கள். மாதக்கணக்கில் சிரிக்காத மனிதர்கள். அதற்குமேல் சொன்னால் அந்த முகங்கள் என்னாகும் என்று பார்த்தார். துறையில் இறங்கினோம் என்று சொல்லி நிறுத்திவிட்டார். அன்றைக்கு நின்ற இடம்தான், பிறகு ஒருநாளும் அதைத் தாண்ட முடியவில்லை. உண்மையைச் சொன்னபோது நம்பாத உலகம் பாதியைச் சொன்னபோது கைதட்டியது. பாவம், மனுஷன் என்ன செய்வார்.

போன வைகாசியில் தமிழ்ச் சங்கத் தலைவர் மகேஸ்வரன் தொலைபேசியில் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் விழா ஆக்காமல் விடமாட்டார்.

"அண்ணை, நகரசபையோட சேர்ந்து ஒரு படம் போடுறம். அறுபது வருஷத்துக்கு முந்தின படம், பகிடிப் படம். ஒரு மலைக் கிராமத்தை வேற நாட்டு ஆமி வந்து பிடிக்குது. ஊர்ச் சனம் பாற்கட்டியை எல்லாம் ஒளிச்சு ஒளிச்சு ஆமியைப் பேக்காட்டுதுகள். கடைசியில என்ன செய்யினம் தெரியுமோ? சவப்பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டுபோகினம். நான் பாத்தவுடன சொல்லிப்போட்டன், இது எங்கட அரசரத்தினம் அண்ணையின்ர கதையெண்டு. படம் முடிய நீங்கள் மேடையில ஏறி உங்கட கதையைச் சொல்லுறீங்கள். சுவிஸ் சனத்துக்கு கஜேந்தினி மொழிபெயர்ப்பா."

அரசரத்தினம் வழக்கம்போல் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டார்.

"இன்னொரு விசேஷம்" என்றார் மகேஸ்வரன். "அந்த லக்ஷ்மணனுக்கு ஒரு மகள் இருக்காம். சாருஜா. எங்கட சஞ்சீவைக் கட்டி இப்ப ஓர்லிகோனில இருக்கிறா. வந்து ஒரு வருஷமாம், எனக்கே இப்பதான் தெரியும். அவவையும் கூப்பிட்டிருக்கிறன், முன்வரிசையில இருத்துவம்."

தொலைபேசியை வைத்த பிறகும் அரசரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு மிதவையில் தலைவிரிகோலமாக வந்த ராஜேஸ்வரியின் வயிற்றில் மூன்று மாதம். அந்தப் பிள்ளை. டாவோஸிலிருந்து ஒருமுறை ஊருக்குத் தொலைபேசி எடுத்து ராஜேஸ்வரியைக் கூப்பிடச் சொல்லியிருந்தார். அவள் வந்து, "ஹலோ" என்ற இவருடைய குரலைக் கேட்டாள். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள். அதற்குப்பிறகு எடுக்கத் துணிவு வரவில்லை.

மனைவி பரமேஸ்வரிக்கு எல்லாம் தெரியும். கல்யாணம் கட்டிய முதல் வருடத்திலேயே அவர் தூக்கத்தில் உளறியதை வைத்துத் துருவிக் கேட்டுவிட்டாள். அவளிடம்தான் போனார்.

"பிள்ளைக்கு முன்னால என்னெண்டு அந்தக் கதையைச் சொல்லுறது?"

"மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"மாட்டன் எண்டால் ஏனெண்டு கேப்பினம்."

"அப்ப பிள்ளையைத் தனியச் சந்திச்சு உள்ளதைச் சொல்லுங்கோ. ரயில் ஏறினால் அரை மணித்தியாலம்."

அவர் தலையைச் சொறிந்தார். பெரிய கூட்டத்துக்கு முன்னால் நின்று கதைக்க வருமே தவிர, ஒரு ஆளின் முகத்துக்கு நேரே இருந்து கதைக்க அவருக்கு நாக்கு எழும்பாது. இரண்டு தடவை ஓர்லிகோன் ஸ்டேஷன் வரைக்கும் போனார். அவர்கள் வீட்டு முகவரி சட்டைப்பையில் இருந்தது. இரண்டு தடவையும் நடைமேடையில் ஒரு கோப்பி வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பொய்யை எந்தச் சபையில் சொன்னோமோ அந்தச் சபையிலேயே மிச்சத்தைச் சொல்லுவோம். துறையில் நிறுத்தாமல் போவோம். முடிச்சு வரைக்கும் சொல்லுவோம். அந்தப் பிள்ளை காறித் துப்பினாலும் துப்பட்டும், அவளுடைய அப்பனைப் பற்றிய உண்மை அவளுக்குச் சேரவேண்டியது.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மண்டபத்தில் சரிபாதி சுவிஸ் சனம், சரிபாதி தமிழ்ச் சனம். சாருஜா வந்திருந்தாள். மெலிந்த பிள்ளை, இருபத்தெட்டு வயது. அப்பனின் நீண்ட தாடை அப்படியே இருந்தது. அரசரத்தினம் அந்தத் தாடையை ஒருமுறை பார்த்துவிட்டு அதற்குப்பிறகு பார்க்கவில்லை. அவள் எழும்பி வந்து, "மாமா, நான் சாருஜா" என்றாள். அவர் ஏதோ சொல்லவேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் மகேஸ்வரன் விளக்கை அணைத்துவிட்டார்.

படம் நல்ல படம்தான். அதைக் குறை சொல்லக்கூடாது. கொழுத்த தளபதி, மீசை முறுக்கிய சிப்பாய்கள், தந்திரக்கார ஊர்ச் சனம். பாற்கட்டிகளைத் தேவாலயத்து இசைப்பெட்டிக்குள் ஒளித்தார்கள், தொட்டிலுக்குள் பிள்ளையென்று படுக்கவைத்துத் தாலாட்டினார்கள். சவப்பெட்டி வந்தபோது தமிழ்ப் பக்கத்திலிருந்து "அண்ணை, அண்ணை" என்று குரல் எழுந்தது. பெட்டிக்குள் கிடந்த ரொட்டிக்கடைக்காரன் தளபதி குனிந்து பார்க்கும் நேரத்தில் தும்மினான். தளபதி பேயென்று அலறிக்கொண்டு ஓடினான், அவனுக்குப் பின்னால் முழுப் படையும் மலையிறங்கி ஓடியது. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அரசரத்தினம் மட்டும் அந்த ரொட்டிக்கடைக்காரனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு யாரும் வாய் கட்டியிருக்கவில்லை. அந்த ஊரில் அந்த வழக்கம் இல்லைப்போலும்.

மேடையில் ஏறினார். பக்கத்தில் கஜேந்தினி. இங்கேயே பிறந்து வளர்ந்த கெட்டிக்காரி, ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. கதையும் அப்படித்தான். தன்னுடைய சாமத்திய வீட்டிலேயே கேட்டவள்.

"இண்டைக்கு நான் கதையை வேற மாதிரிச் சொல்லப்போறன்" என்று அரசரத்தினம் தொடங்கினார். தமிழ்ப் பக்கம் ஆரவாரமாகச் சிரித்தது. புதுப் பகிடி வரப்போகிறது என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இது பகிடியில்லை" என்றார். இன்னும் சிரித்தார்கள்.

அவர் எவ்வளவோ முயன்றார். கையை வீசாமல் கட்டிக்கொண்டார். ஒப்பாரியை இராகமில்லாமல் வெறுமனே சொன்னார். ஆனால் ராஜேஸ்வரி என்று பெயரெடுத்த உடனேயே பின்வரிசையில் இரண்டு பேர் "கூரை வேய்ஞ்சு தாறன் எண்டியே என்ர ராசா" என்று அவருக்கு முன்னாலேயே இழுத்தார்கள். முன்வரிசையில் சாருஜாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கஜேந்தினிக்கு அவர் சொல்வது எதற்கு, அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. "வாயைக் கட்டினது நான்தான், அவன் இளக்கச் சொன்னவன்" என்று அவர் அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டிருக்கையில், சுவிஸ் சனம் கொல்லென்று சிரித்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கஜேந்தினி ஜெர்மனில் காய்ச்சலைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, பாம்புக்குப் போயிருந்தாள்.

"பிள்ளை, கொஞ்சம் பொறு, நான் இன்னும் அதுக்கு வரேல்ல."

"நேரம் போகுது அங்கிள், நான் பாத்துக்கொள்ளுறன்" என்று காதுக்குள் சொல்லிவிட்டு அவள் சிரித்தமுகமாகத் தொடர்ந்தாள்.

கம்பிக்கு வந்தார். கம்பி உள்ளே இறங்கியதென்று சொன்னார். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது, மச்சான் இருமினானோ என்று அவர் கேட்பதற்காக. அவர் கேட்கவில்லை. ஆகவே மண்டபமே கேட்டது. "இருமினானோ?" என்றது ஒரு குரல். "இல்லை" என்றார்கள் எல்லாரும். "தும்மினானோ?" "இல்லை." கைதட்டல் ஓங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேலாலே அரசரத்தினம் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "துறையில இறங்கினாப் பிறகு, இறங்கினாப் பிறகு" என்று சொன்னார். அந்தச் சொல்லோடுதான் கதை முடியும் என்பது ஆராவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தமிழ்ச் சனம் எழும்பி நின்று தட்டியது. அதைப் பார்த்துச் சுவிஸ் சனமும் எழும்பிற்று. மகேஸ்வரன் ஓடிவந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"எங்கட அண்ணைக்குப் பொன்னாடை போர்த்த, அந்த வீரனின்ர மகளையே மேடைக்கு அழைக்கிறம்."

சாருஜா ஏறி வந்தாள். மகேஸ்வரன் நீட்டிய பட்டுத்துண்டை விரித்து அரசரத்தினத்தின் தோளில் போட்டு, முன்பக்கம் இழுத்துச் சரிசெய்தாள். நாலு பக்கமும் கைபேசிகள் படம் எடுத்தன.

"மகள், கதை முடியேல்ல" என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"கீழ போய்க் கதைப்பம் மாமா" என்றாள் அவள், கைபேசிகளைப் பார்த்தபடி.

கீழே சிற்றுண்டி வைத்திருந்தார்கள். ஒரு மேசையில் வைனும் பாற்கட்டியும், மறுமேசையில் வடையும் பழச்சாறும். சனம் இரண்டு மேசைக்கும் நடுவே நின்று கதைத்துக்கொண்டிருந்தது. மேலங்கிகள் தொங்கும் மூலையில் ஆளில்லை. சாருஜா அங்கே போய் நின்றாள். அரசரத்தினம் பின்னால் போனார். பொன்னாடையைக் கழற்ற மறந்துவிட்டார். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ஆளின் முகத்துக்கு நேரே நின்று கதைக்கப் போகிறார்.

"மகள், உங்கட அப்பா அண்டைக்கு..."

"மாமா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "எனக்குத் தெரியும்."

"துறையில இறங்கினாப் பிறகு நடந்தது உங்களுக்கு..."

"எல்லாம் தெரியும். எனக்குப் பதினாறு வயசில அம்மா சொன்னவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேலாம விடியக்காட்டி செத்தது தெரியும். வாய்க்கட்டும் தெரியும். அந்த முடிச்ச அவிழ்த்தது அம்மாதானே. பல்லாலதான் கடிச்சு அவிழ்த்தவவாம், கையால அவிழ்க்க ஏலாம இருந்ததாம்."

அரசரத்தினம் மேலங்கி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். யாருடைய மேலங்கியோ, ஈரமாக இருந்தது.

"நான்தான் மகள் கட்டினது. அவன் இளக்கச் சொன்னவன். நான் பகிடி விட்டுக்கொண்டு..."

"சொல்லாதீங்க மாமா." அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நான் சுவிஸுக்கு வெளிக்கிடக்குள்ள அம்மா ஒண்டே ஒண்டுதான் சொன்னவ. அங்க அரசரத்தினம் அண்ணர் இருக்கிறார், காணக் கிடைச்சா மரியாதையா நட, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாப் போ. ஆனா அவர் இதச் சொல்ல வந்தா மட்டும் காது குடுக்காத எண்டவ. அவர் சொல்லி ஆறிருவார், நாம ஆற மாட்டம் எண்டவ."

மேசைப் பக்கத்தில் யாரோ பாம்பு, பாம்பு என்று சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"நான் அப்பாவப் பாத்ததில்ல மாமா" என்று சாருஜா தொடர்ந்தாள். இப்போது அவளுடைய குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "ஒரு படம்தான் வீட்டில இருக்கு, அதிலயும் முகம் தெளிவில்ல. இண்டைக்கு நீங்க சொல்லக்குள்ள, அந்தச் சீலைக் கதைக்கு அவர் பெட்டிக்குள்ள கிடந்து எப்படிக் கடுப்பாகியிருப்பார் எண்டு நினைச்சு நினைச்சுச் சிரிச்சன். ஆள் உயிரோட கிடந்த மாதிரி இருந்திச்சு. அது எனக்குப் போதும். அத நான் கொண்டுபோறன். மிச்சத்த நீங்களே வச்சிருங்க."

"ஒருக்காக் கேளுங்க மகள். ஒரே ஒருக்கா."

"ஏலாது மாமா. அம்மாக்குச் சொல்லிற்று வந்தனான்."

படிக்கட்டுப் பக்கம் நின்ற சஞ்சீவ் கைக்கடிகாரத்தைக் காட்டினான். ரயிலுக்கு நேரமாயிற்று. சாருஜா தன்னுடைய மேலங்கியைத் தேடி எடுத்தாள். போகுமுன், அவருடைய தோளிலிருந்து ஒரு பக்கம் வழுகித் தொங்கிய பொன்னாடையை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள். "வாறன் மாமா. ஒருநாளைக்குப் பரமேஸ்வரி மாமியையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வாங்க" என்றாள். மனதார அழைப்பது போலத்தான் இருந்தது.

அவள் படியேறிப் போவதை அரசரத்தினம் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடவேண்டும் போலிருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? அவரிடம் சொல்ல இருந்தது ஒன்றுதான். அதைக் கேட்டு ஒரு வார்த்தை சொல்ல உரிமையுள்ளவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். இரண்டு பேரும் கேட்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.